எந்த ஊரு, யாரு வூடு?

மூன்று லிட்டர் திரவ நைட்ரஜன் கேனை மடியில் வைத்துக்கொண்டு டிவிஎஸ் 50 வண்டியின் பின்சீட்டில் போயிருக்கிறீர்களா? நான் ஒன்பது வருஷம் போயிருக்கிறேன். கேனுக்குள் மைனஸ் 196 டிகிரியில், மாட்டைச் சினையாக்க ஊசி போடுவதற்கான காளை விந்துக் குச்சிகள் தொங்கும். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, ஆவி வெளியே போக வழி வேண்டும். கேன் சாய்ந்தால் நைட்ரஜன் கொட்டிவிடும். அதனால் இரண்டு கையும் கேனுக்கே. வண்டியைப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. பள்ளம் வந்தால் ஓட்டுகிறவர் "சார், பள்ளம்" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார். நான் முட்டி இரண்டாலும் அவர் இடுப்பை நெருக்கிக்கொள்வேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் கையைக் காட்டி நிறுத்திய வண்டி அது.

1990இல் கால்நடை ஆய்வாளராக வேலையில் சேர்ந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத நேரம். போளூர், கலசபாக்கம், கடலாடி, சேத்துப்பட்டு என்று கிளை நிலையம் கிளை நிலையமாக மாறி 2023இல் ஓய்வு பெற்றேன். ஊரில் எனக்கு 'சினை ஊசி டாக்டர்' என்று பெயர். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

சினைப் பருவத்தில் மாடு கத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். 21 நாள் தவிடும் புண்ணாக்கும் தண்டச் செலவு. டவுன் பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது காலை ஏழரைக்கு ஒருமுறை, மத்தியானம் ஒன்றரைக்கு ஒருமுறை, ராத்திரி எட்டரைக்கு ஒருமுறை வரும். மழை பெய்தால் எட்டரை வண்டி கூட்ரோட்டிலேயே திரும்பிவிடும். ஆகவே என் உத்தியோகத்தில் பாதி லிஃப்ட் கேட்பதுதான். கரும்பு டிராக்டர், பால் வண்டி, நெல் லாரி, ராஜ்தூத், எம்80, ஒருமுறை தென்னங்கன்று ஏற்றிய மாட்டு வண்டி. லாரிக்காரர்கள் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வாங்குவார்கள், அதில் தப்பே இல்லை. டிவிஎஸ்காரர்கள் வாங்கமாட்டார்கள். நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். பதிலுக்கு இறங்கும்போது ஒரு மாட்டைப் பற்றிக் கேட்பார்கள். "ரெண்டு தபா ஊசி போட்டும் சினை நிக்கல சார், இன்னா பண்றது?" அதுதான் கட்டணம்.

ஏறினவுடன் நடக்கிற பேச்சு எல்லா வண்டியிலும் ஒன்றுதான்.

"எங்க போவணும்?"

"கூட்ரோடு வரைக்கும்."

"ஏறு. எந்த ஊரு?"

"ஆரணி பக்கம், சேவூர்."

"சேவூர்ல யாரு வூடு?"

"தறிக்காரங்க வூடு. கொளத்தாண்ட."

"அட, எங்க சித்தப்பன் பொண்ண அங்கதான் குடுத்துகீது."

மூன்று கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு முடிச்சு விழுந்துவிடும். சித்தப்பன் பெண் இல்லாவிட்டால் கூடப் படித்த வாத்தியார், அவரும் இல்லாவிட்டால் சந்தையில் மாடு பிடித்த தரகர். அந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவர்களை ஜனங்கள் நம்பினார்கள் என்று இப்போது பலர் பெருமூச்சு விடுகிறார்கள். நான் பார்த்த வரைக்கும் யாரும் யாரையும் சும்மா நம்பவில்லை. தெரியாதவனைத் தெரிந்தவனாக்கிக்கொள்ள மூன்று கிலோமீட்டர் அவகாசம் இருந்தது, அவ்வளவுதான். 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹெல்மெட் இல்லாமல், காதோடு காது பேசிக்கொண்டு போக முடிந்தது.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். யாரு வூடு என்றால் எந்தத் தெரு, எந்தத் தெரு என்றால் என்ன சாதி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் காலனியிலிருந்து வந்தவர், என்னைவிடக் கைராசிக்காரர். அவர் லிஃப்ட் கேட்டு நான் பார்த்ததில்லை. கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார், இல்லை வாடகை சைக்கிள். ஒருநாள் நான் இந்த லிஃப்ட் கதைகளைச் சிலாகித்துக்கொண்டிருந்தபோது டீயை உறிஞ்சியபடி கேட்டார்: "உனக்கு நின்ன வண்டியெல்லாம் எனக்கு நின்னிருக்குமா? நின்னாலும் தெருப் பேரச் சொன்னதுக்கப்புறம் போயிருக்குமா?" எனக்குப் பதில் வரவில்லை. பழைய காலத்தைப் பற்றி உருக ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சு நினைவுக்கு வந்து வாயை அடைக்கும்.

பெண்கள் லிஃப்ட் கேட்டது குறைவு. ஆனால் அவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. தலைச்சுமையை மட்டும் ஏற்றிவிடுவார்கள். கத்தரிக்காய்க் கூடையையோ பால் கேனையோ போகிற வண்டியில் வைத்து, "கூட்ரோட்டு டீக்கடையில வச்சுட்டுப் போப்பா, பின்னால வரேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்து வருவார்கள். கூடை காணாமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆள் ஏறுவதற்குத்தான் ஆயிரம் யோசனை, கூடைக்கு இல்லை.

புகை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாள், அவளுக்குப் பிடித்த கதை அதுதான். கோயம்புத்தூரில் குண்டு வெடித்தது 1998 பிப்ரவரி 14. அதற்கு இரண்டு வாரம் கழித்து, கலசபாக்கம் ரோட்டில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. கார் நிற்பதே அதிசயம். பின்சீட்டில் ஏறினேன். கேனில் அன்று காலையில்தான் நைட்ரஜன் நிரப்பியிருந்தேன். குலுக்கலில் மூடி இடுக்கு வழியாக வெள்ளைப் புகை கசிந்து சீட்டின் மேல் தவழ ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டார் டிரைவர். அவர் பிரேக் போட்டதும், கதவைத் திறந்ததும், கரும்புத் தோட்டத்துக்குள் ஓடியதும் ஒரே மூச்சில் நடந்தது. முன்சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டு தவித்தார். "ஐயா, இது மாட்டுக்கு, மாட்டுக்கு" என்று கத்தினேன். டிரைவரைக் கரும்புக்குள்ளிருந்து வரவழைக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறமும் இறக்கிவிடவில்லை பாருங்கள், கூட்டிக்கொண்டுதான் போனார்கள். ஜன்னல் நாலையும் இறக்கிவிட்டு. அன்று கற்றுக்கொண்ட பாடம் இன்றைக்கும் என் வழக்கம்: கையில் வழக்கத்துக்கு மாறான சாமான் இருந்தால், ஏறுவதற்கு முன்னால் அது என்னவென்று நானே சொல்லிவிடுவேன். மூட்டை, அரிவாள், பூச்சிமருந்து டப்பா எதுவானாலும்.

1999இல் கடன் போட்டு ஒரு ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். கேட்பவன் கொடுப்பவனானேன். ஐந்தாறு வருஷம் பின்சீட் காலியாக ஓடியதே இல்லை என்று சொல்லலாம். அப்புறம் கை காட்டுபவர்கள் மெல்லக் குறைந்தார்கள். காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 1997இல் ஆரம்பித்த மினி பஸ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளடங்கிய ஊர்களுக்கும் வந்தது. 2005க்கு அப்புறம் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்தது. தவணையில் வண்டி கிடைத்தது, வீட்டுக்கு ஒன்று, பையன் இருந்தால் இரண்டு. செல்போன் வந்ததும் "வந்து கூட்டிக்கினு போ" என்று வீட்டுக்கே அடிக்க முடிந்தது. 2008 செப்டம்பரில் 108 வந்தது. அதற்கு முன்னால் பிரசவ வலி, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் ரோட்டில் போகிற வண்டிதான் ஆம்புலன்ஸ், நானே இரண்டு பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது. இதெல்லாம் நல்லதற்கு நடந்தவை. லிஃப்ட் கேட்கத் தேவையில்லாமல் போவது ஒரு ஊர் பிழைத்துக்கொண்டதற்கு அடையாளம், அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

தேவை இருந்தும் வண்டி நிற்காமல் போனது இன்னொரு கதை. அதில் என் பங்கும் இருக்கிறது.

2016 நவம்பர், 500, 1000 ரூபாய் செல்லாது என்று அறிவித்த அடுத்த வாரம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். போளூர் தாண்டி ஒரு ஆள் கை காட்டினான். முப்பது வயது, நல்ல சட்டை. ஏற்றினேன். எந்த ஊர் என்றேன், காற்றில் ஏதோ ஒரு பெயர் சொன்னான், சரியாகக் கேட்கவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணா, போன்ல சார்ஜ் இல்ல, வூட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டா?" என்றான். வண்டியை நிறுத்திக் கொடுத்தேன். சிக்னல் இல்லை என்று நாலு எட்டு நடந்தான், ஐந்தாவது எட்டில் இருட்டுக்குள் ஓடினான். துரத்தலாமென்று வண்டியை ஸ்டாண்ட் போடும்போதுதான் பின்பாக்கெட் காலியாக இருப்பது தெரிந்தது. பர்ஸில் இரண்டு பழைய 500 ரூபாய் நோட்டு. அதை மாற்ற அவன் பேங்க் வரிசையில் நின்றிருப்பான் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். போலீசில் எழுதிக் கொடுத்தேன், போன் திரும்பவில்லை.

அதிலிருந்து யாருக்கும் போனைக் கையில் கொடுப்பதில்லை. நம்பரைச் சொல்லச் சொல்லி நானே அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, என் கையிலேயே வைத்திருப்பேன். உண்மையாகவே பேச வேண்டியவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதையும் விட்டேன். இவை சின்ன விஷயம். பெரிய விஷயம், ஒரு வருஷம் யாருக்கும் வண்டி நிறுத்தவில்லை.

2017 ஐப்பசி மழையில் கடலாடி ரோட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் கை காட்டினார். ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததில் முகம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் கிளை நிலையத்துக்குக் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். 1993இல் தென்னங்கன்று ஏற்றிய வண்டியில் என்னையும் கேனையும் ஏற்றிக்கொண்டு போனாரே, அவர். குடற்புழு மருந்து வாங்கிக்கொண்டு, போகும்போது, "நேத்து மழையில நீங்கதான் போனீங்க இல்ல சார்? வண்டிய வச்சு அடையாளம் தெரிஞ்சுது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழையில் சாருக்கு என்ன அவசரமோ என்கிற மாதிரிதான் சொன்னார். அன்றைக்கு அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், அது பொய்.

மறுபடி நிறுத்தத் தொடங்கினேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2018 மே வந்துவிட்டது.

வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸாப்பில் வதந்தி பரவிய மாதம். மே 9ஆம் தேதி, போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர் பகுதியில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நான் எத்தனையோ முறை போன ரோடு அது. ஜமுனாமரத்தூர் மலைக்கு அந்த வழியாகத்தான் ஏறுவோம். குலதெய்வத்தைத் தேடி வருகிறவர்கள் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. தாத்தா காலத்தில் பட்டணம் போனவர்கள் பேரப்பிள்ளையோடு வந்து, "இந்தப் பக்கம் ஒரு அம்மன் கோயில் இருக்குதாமே" என்று கேட்பதும், யாராவது ஒருவர் வண்டியிலேயே ஏறி வந்து வழி காட்டுவதும் வருஷா வருஷம் நடப்பது.

அடுத்த சில வாரம் எங்கள் மாதிரி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கெல்லாம் பயம். அடையாள அட்டையைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டோம். புதிதாகப் பொறுப்பு வாங்கிய ஒரு ஊரில் நாலு பையன்கள் என் வண்டியை மறித்தார்கள். பையில் என்ன, கேனில் என்ன என்று கேட்டுவிட்டு ஒருவன் கேட்டான்: "எந்த ஊரு நீ? யாரு வூட்டுக்கு வந்த?"

28 வருஷமாகக் கேட்ட அதே கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. முன்பு அந்தக் கேள்வியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்கள், இப்போது சாவியைப் பிடுங்கிக்கொண்டு கேட்கிறார்கள். யாரோ ஒரு பாட்டி வந்து, "டேய், இவரு ஊசி போடுறவருடா, எங்க அக்கா ஊர்ல பாத்துகீறேன்" என்று சொன்ன பிறகு விட்டார்கள். அந்த அக்கா ஊர் எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஜூன் மாதமே நவி மும்பையில் மழையில் நின்றவர்களைக் காரில் ஏற்றிய ஒருவருக்குப் போலீஸ் அபராதம் போட்ட செய்தியும் சுற்றியது. லிஃப்ட் கொடுத்தாலே ஜெயில் என்று நம் ஆட்கள் அதை ஊதிப் பெருக்கினார்கள். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவதற்கான பிரிவில் போட்ட அபராதம் அது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு காசு வாங்காதீர்கள், பெட்ரோலுக்கு என்றுகூட.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது இன்சூரன்ஸ் விஷயத்தில். எங்கள் தெருவில் ஒருவர் பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு லிஃப்ட் கொடுத்தார். ரோட்டில் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கி, பின்னால் இருந்தவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டிக்கு, வெளியாளுக்கு அடிபட்டால் கொடுக்கிற தர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் கட்டியிருந்தார். அதில் பின்சீட்காரருக்கு ஒன்றும் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவரும் தர்டு பார்ட்டிதானே என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. சட்டம் கட்டாயப்படுத்துகிற குறைந்தபட்ச பாலிசியில் பின்சீட்டில் இலவசமாக வருபவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரிஜினல் தாளை எடுத்துப் பாருங்கள். 'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' என்று இருந்தால் பின்சீட்காரரும் சேர்த்தி. 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால், நீங்கள் ஏற்றுகிற ஆளின் கால் உங்கள் பாக்கெட்டில்தான் இருக்கிறது. தெருக்காரர் மூன்று வருஷம் கடன் கட்டினார். வாட்ச்மேன் வழக்குப் போடவில்லை, இவர்தான் மனசு கேட்காமல் கட்டினார்.

சரக்கு வண்டியில் கணக்கு இன்னும் கறார். 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்குத் தீர்ப்பு வந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. 1994இல் சட்டத்தைத் திருத்தி சரக்கின் சொந்தக்காரரையும் அவர் சார்பில் வருபவரையும் மட்டும் சேர்த்தார்கள். நான் மாட்டுக்காரர்களுக்கு இப்படித்தான் விளக்குவேன்: குட்டி யானையில் மாட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறாயா, மாட்டுக்காரன் நீ வரலாம். சும்மா டவுனைப் பார்க்க வருகிற உன் மச்சான் வரக்கூடாது. காது குத்துக்குக் குடும்பத்தையே பின்னால் ஏற்றிக்கொண்டு போவது, கேட்கவே வேண்டாம்.

ஹெல்மெட் இன்னொரு தடை. பின்சீட்காரருக்கும் ஹெல்மெட் வேண்டும், 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1000 ரூபாய். நிறுத்த மனசிருப்பவர்கூட டவுன் எல்லையில் போலீஸை நினைத்து நிறுத்தமாட்டார். இதற்கு நான் கண்டுபிடித்த வழி எளிது. வண்டி இல்லாமல் வெளியூர் போகும்போதும் ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போகிறேன். கை காட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினால் வண்டிகள் நிற்கின்றன. வெறுங்கையைக் காட்டி முக்கால் மணி நேரம் நின்ற அதே இடத்தில் ஹெல்மெட்டைக் காட்டி ஐந்தே நிமிஷத்தில் ஏறியிருக்கிறேன். இவனுக்கும் எங்கேயோ ஒரு வண்டி இருக்கிறது, வீடு வாசல் உள்ளவன் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

நிற்கும் இடமும் முக்கியம். வேகத்தடை தாண்டி பத்தடியில் நில்லுங்கள், வண்டி அங்கே எப்படியும் மெதுவாகத்தான் வரும். வளைவில் நிற்காதீர்கள். டீக்கடை, பங்க் கடை வெளிச்சத்தில் நின்றால் உங்களுக்கும் நல்லது, நிறுத்துபவருக்கும் நல்லது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கை காட்டினால், ஏற்றுபவர் கடைக்காரர் முகத்தை ஒருமுறை பார்ப்பார், அவர் தலையாட்டுவார், முடிந்தது. லிஃப்ட் என்று கேட்காமல் போகிற இடத்தைச் சொல்லுங்கள். "அண்ணா, கூட்ரோடு வரைக்கும்" என்றால் தூரம் தெரிந்துவிடும், பாரம் பாதி குறையும். ஏறிய வண்டி குடிவாடை அடித்தால் வெட்கப்படாமல் இறங்கிவிட வேண்டும். "இங்கியே ஒரு ஆளப் பாக்கணும்" என்பது என் வழக்கமான பொய். குடித்தவரிடம் புத்தி சொல்லி ஜெயித்தவர் கிடையாது.

அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் மட்டும் இந்த யோசனை எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் பெயர், விலாசம் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று பயந்து தாண்டிப் போன தலைமுறை என்னுடையது.

பெண்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை, சொல்லத் தகுதியும் இல்லை. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பைக் டாக்ஸியில் போய் வருகிறாள் என்று முதலில் கேள்விப்பட்டபோது பதறினேன். யாரென்றே தெரியாதவன் வண்டியில் ஏறுகிறாயே என்றேன். "பேரு தெரியும், வண்டி நம்பர் தெரியும், அம்மாவுக்கு ரூட் போயிடும். நீங்க ஏறினவங்க பேரு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். எந்த ஊரு, யாரு வூடு என்ற கேள்வியை அவளுக்குப் பதிலாக ஆப் கேட்டு வைத்திருக்கிறது. எந்தத் தெரு என்று அது கேட்பதில்லை. என்னோடு வேலை பார்த்தவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "காசு குடுத்தா நிக்குது, அதுவே மேல்" என்றார்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஸ்ப்ளெண்டர் போய் டிவிஎஸ் எக்ஸ்எல் வந்துவிட்டது. கால் ஊன்ற வசதி. போன தை மாதம், கூட்ரோட்டில் ஒரு பையன் கை காட்டிக்கொண்டு நின்றான். நான் டீ குடித்து முடிக்கும் வரை பார்த்தேன், பதினோரு வண்டி போனது, ஒன்றும் நிற்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வடநாட்டுப் பையன். செங்கல் சூளை வேலைக்கு வந்தவனாக இருக்கும். காலுக்குக் கீழே அஞ்சு கிலோ கோதுமை மாவு. டீக்கடைக்காரரைப் பார்த்தேன். "சூளைப் பையன்தான், தினம் வருவான்" என்றார். போய் வண்டியை நிறுத்தினேன்.

ஏறினான். மாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முட்டி இரண்டும் என் இடுப்பை நெருக்கின. பழக்கம் விடுமா, கேட்டேன்.

"எந்த ஊருப்பா?"

"பிகார்."

"பிகார்ல எந்த ஊரு?"

"தர்பங்கா." அதற்கு அப்புறம் இன்னொரு பெயர் சொன்னான், அவன் கிராமமாக இருக்கும்.

எனக்கு அங்கே சித்தப்பன் பெண் யாரும் இல்லை. ஒரு கிலோமீட்டர் சும்மா போனோம். ஓரத்தில் ஒரு எருமை குட்டையில் படுத்திருந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளுக்கு மேலே நீண்டு அதைக் காட்டியது.

"கர்... வூடு. ஏக்."

"உங்க வூட்ல எருமை கீதா?"

"ஹாங். எர்மே."

"சினையா?"

புரியவில்லை. ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து வயிறு பெருத்த மாதிரி காட்டினேன். வண்டி கொஞ்சம் ஆடியது. அவன் சத்தமாகச் சிரித்தான். ஐந்து விரலைக் காட்டினான், அப்புறம் யோசித்து ஆறாவது விரலையும் நீட்டினான். ஆறு மாதம். எருமைக்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். வைகாசியில் ஈனும் என்று நான் தமிழிலேயே சொன்னேன், அவன் அவன் பாஷையில் ஏதோ சொன்னான்.

சூளைப் பாதையில் இறங்கிக்கொண்டான். பத்து ரூபாய் எடுத்தான், வேண்டாம் என்றேன். மாவை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். "சினை, சினை" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.